கசற்றில் அழிந்த கைதட்டல்

பிள்ளைகளே,

போன கிழமை நீங்கள் இரண்டு பேரும் தேடிப்பிடித்து வாங்கித் தந்த அந்தப் பெட்டியை நான் மதிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று இசைத்தட்டுகள், வழவழப்பான ஒரு புத்தகம், அந்த வெள்ளைக்காரக் குழு மேடையில் வியர்வை ஒழுக நிற்கிற படங்கள், எல்லாம் அருமை. "நீங்கள் சின்ன வயசிலை கேட்ட அதே கச்சேரிதான் அப்பா, இப்ப முழுக்கத் துலக்கி விட்டிருக்கினம்" என்று சின்னவன் சொன்னான். நானும் ஆசையோடுதான் இருந்து கேட்டேன். நாலாவது பாட்டு முடிந்து சனம் கைதட்டத் தொடங்கியதும் எழும்பிப் பின்பக்கம் போய்விட்டேன். பெரியவள் பின்னால் வந்து, "என்னப்பா, பிடிக்கேல்லையோ?" என்றாள். வயிற்றுக்குள் சரியில்லை என்றேன். அது பொய்.

உண்மையை வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அடுக்கி எழுத வராது. நினைவு வருகிற வரிசையில்தான் வரும்.

இந்தப் பெட்டியைப் பற்றி உலகம் முழுக்க ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்று சின்னவன் கணினியில் காட்டினான். கூட்டத்தின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று ஒருவர். குறைத்துவிட்டார்கள் என்று இன்னொருவர். பழைய தட்டில் இருந்த பிழையைத் திருத்தியது பாவம் என்று மூன்றாம் ஆள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சண்டை முழுவதையும் நான் பன்னிரண்டு வயதில், அரியாலையில், எங்கள் வீட்டு விறாந்தையில் கேட்டு முடித்துவிட்டேன்.

அது யுத்தத்தால் கரண்ட் இல்லாத காலம். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருடக்கணக்காக இல்லை. பற்றரியும் வராது. வீட்டில் கிடந்த பழைய பற்றரிகளை அம்மா கொப்பறாவோடு சேர்த்து வெயிலில் காயவைப்பார். நன்றாகக் காய்ந்தால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு உயிர் வரும், பிறகு செத்துவிடும். அப்படியிருக்க நாங்கள் எப்படிப் பாட்டுக் கேட்டோம் என்று கேட்பீர்கள். என் வயதுக்காரர் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கு இப்போதே கை உளையத் தொடங்கியிருக்கும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, பின்சில்லில் உரசுகிற டைனமோவிலிருந்து கரண்ட் எடுத்தோம். அண்ணை ஒரு செத்துப்போன வானொலியிலிருந்து நாலு டயோட்டைக் கழற்றி, சிரட்டைக் கரியில் காய்ச்சிய கம்பியால் ஈயம் ஒட்டி, ஒரு பலகைத் துண்டில் பொருத்தியிருந்தார். அந்தப் பலகைக்கு ஒரு பக்கம் டைனமோ, மற்றப் பக்கம் கசற் செற்.

சுற்றுவது நான். அதனால் எனக்குக் "கரண்ட்" என்றே பெயர். நான் மெதுவாகச் சுற்றினால் பாடகருக்குத் தடிமன் பிடிக்கும். வேகமாகச் சுற்றினால் அவர் குழந்தைப்பிள்ளை ஆகிவிடுவார்.

"டேய் கரண்ட், நித்திரையே? அந்தாள் சாகப்போகுது, சுத்தடா!" என்று அண்ணை கத்துவார்.

சில்லின் இரைச்சலில் குண்டு போட விமானம் வருகிற சத்தம் கேட்காது. அதனால் தங்கச்சி முற்றத்து வேப்பமரத்தடியில் இருந்து வானத்தைப் பார்க்கவேண்டும். அவளுக்கு எட்டு வயது. பாட்டு நடக்கிற நேரம் முழுவதும் எங்கள் உயிர் அவளுடைய காதில் இருந்தது. அது இப்போது எழுதும்போதுதான் எனக்கு விளங்குகிறது.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. கைதட்டல் வரும் இடத்தில் சத்தத்தைக் குறைக்கவேண்டும். முதல் தடவை போட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு வேலிக்கு மேலால் எட்டி, "என்ன சனம் உது? எந்தப் பக்கம் ஓடுதுகள்?" என்று கேட்டார். அவருடைய மனைவி அதற்குள் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு குண்டுக்கு ஒளிக்க வெட்டிய பங்கருக்குள் இறங்கிவிட்டா. ஆயிரக்கணக்கான ஆட்கள் சேர்ந்து போடுகிற சத்தத்துக்கு எங்கள் ஊரில் அப்போது ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. அன்றிலிருந்து பாட்டு முடிகிற நேரத்தில் அண்ணையின் கை குமிழில் இருக்கும்.

அந்தக் கசற் எங்களுடையது அல்ல. தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிற ஒரு அண்ணையுடையது. அவரை நாங்கள் ஓர்கன் அண்ணை என்போம். மெலிந்த ஆள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெள்ளைச் சேட்டுப் போட்டபடி நேரே எங்கள் வீட்டுக்கு வருவார், ஞானப்பாட்டுப் புத்தகம் வைக்கிற துணிப்பைக்குள் கசற் இருக்கும். அவர் வீட்டில் அவருடைய தகப்பனார் இந்தப் பாட்டைப் பிசாசின் பாட்டு என்று தடுத்திருந்தார். அதனால் கசற் எங்கள் அலுமாரியில்தான் தங்கியது. எங்கள் அம்மாவுக்கும் அது பிடிக்காது. "பேய்க்குக் கலை வந்த மாதிரிக் கிடக்கு" என்பார். ஆனால் பிள்ளைகள் வெளியில் திரியாமல் வீட்டில் கிடக்கிறார்களே என்று பேசாமல் தேத்தண்ணீர் போட்டுத் தருவார்.

கசற் நன்றாகத் தேய்ந்தது. எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டேயிருக்கும். நாலாவது பாட்டு முடிகிற கைதட்டலுக்குள் மற்றதெல்லாவற்றையும் விடக் கிட்டத்தில் ஒரு விசில் கேட்கும். கீழே தொடங்கி, வளைந்து எழும்பி, உச்சியில் போய் முறியும். அண்ணை சத்தத்தைக் குறைத்தாலும் செற்றுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிற எனக்குக் கேட்கும். அது யாரோ ஒரு வெள்ளைக்காரன் என்று நினைத்திருந்தேன்.

புதுக் கசற்றைக் கொண்டுவந்தவர் வங்கியில் வேலை செய்கிற இன்னொரு அண்ணை. தரைவழி மூடியிருந்ததால் வங்கி அலுவலாக நீரேரியை வள்ளத்தில் கடந்து கொழும்புக்குப் போய்வந்தவர், உடுப்புக்குள் சுற்றி அதைக் கொண்டுவந்தார். அதே கச்சேரி. ஆனால் திரும்ப வெளியிட்டது. இரண்டு பாட்டு கூட. பாட்டுகளின் வரிசையும் வேறு. அட்டையில் கண்ணைக் கூசுகிற நிறம். தன்னுடைய கசற் செற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார், அது ஜப்பான் சாமான், எங்களுடையதைப்போல இரண்டு மடங்கு.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் நடந்த வாக்குவாதத்தை என்னால் இன்றைக்கும் சொல்லமுடியும்.

"இதைக் கேளும். தாளம் ஒவ்வொண்டும் தனித்தனியாய்க் கேட்குது. உம்மடை பழசிலை எல்லாம் சேர்ந்து ஒரு கூழ்" என்றார் வங்கி அண்ணை.

"கூழ் எண்டால் கூழாய்த்தான் குடிக்கவேணும். உமக்கு நண்டு வேறை, இறால் வேறை, புளி வேறையாய்க் கோப்பையிலை வேணுமே?" என்றார் ஓர்கன் அண்ணை.

"சரி, இரண்டாம் பாட்டிலை கிற்றார்க்காரன் ஒரு பிழை விடுறான். அதைத் திருத்தியிருக்கிறாங்கள். அதுவும் குற்றமோ?"

"குற்றம்தான்! மேடையிலை பிழை விடாமல் ஆர் வாசிக்கிறது? நான் ஞாயிறுக்கு ஞாயிறு பிழை விடுறன். நாளைக்கு ஐயர் என்ரை வாசிப்பை வீட்டை கொண்டுபோய்த் திருத்திப்போட்டு, இதுதான் நீர் வாசிச்சது எண்டால் நான் ஒத்துக்கொள்ளுவனே?"

ஐயர் என்று அவர் சொன்னது தேவாலயத்துப் போதகரை. அண்ணை நடுவில் விழுந்து, "புதுசிலை பாட்டெல்லாம் ஓடுது. பழசிலைதான் சரியான வேகம்" என்றார். பழசைத்தான் நாங்கள் ஒரு வருடமாக என் கையின் வேகத்தில் கேட்டோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. என்னை ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு இரண்டையும் முதலிலிருந்து கடைசிவரை மாறிமாறிப் போட்டுக் கேட்பது. இரண்டு கசற்றும் இரண்டு செற்றும் எங்கள் வீட்டில் விடப்பட்டன.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அண்ணை இல்லை. அம்மா கிணற்றடியில். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் நானும் ஒரு அபிப்பிராயம் சொல்லவேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை. பழைய கசற்றை ஜப்பான் செற்றுக்குள் போட்டுச் சுற்றிக் கேட்டேன். நாலாவது பாட்டு முடிந்தது. கை நொந்தது. நிறுத்தி, உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுத் திரும்பச் சுற்றத் தொடங்கி, மற்றக் கையை நீட்டிப் பார்க்காமலே அமத்தினேன். எங்கள் செற்றில் அந்த இடத்தில் இருப்பது பாட்டுப் போடுகிற கட்டை. ஜப்பான் செற்றில் அந்த இடத்தில் இருந்தது பதிகிற சிவப்புக் கட்டை. அதை அமத்தினால் பாட்டுப் போடுகிற கட்டையும் சேர்ந்து இறங்கும்.

சத்தம் வரவில்லை. கரண்ட் காணாது என்று நினைத்து இன்னும் வேகமாகச் சுற்றினேன். இன்னும். கசற்றுக்குள் சில்லு ஓடுவது தெரிகிறது, சத்தம் இல்லை. பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

திருப்பிப் போட்டேன். பாட்டு முடிகிறது. கைதட்டல் எழும்புகிறது. டொக். பிறகு என் மூச்சும், பெடல் கிறீச்சிடுகிற சத்தமும். அரை நிமிடம் இருக்கும். பிறகு திரும்ப டொக், ஐந்தாம் பாட்டின் முதல் அடி.

அந்த நேரத்தில் பயந்த மாதிரி எந்தக் குண்டுக்கும் நான் பயந்ததில்லை. ஓர்கன் அண்ணை அந்தக் கசற்றைத் தூக்கும்போது ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துத்தான் தூக்குவார்.

தங்கச்சியைக் கூப்பிட்டேன். "வந்து இதைச் சுத்து. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

"என்ன தருவாய்?"

"என்ரை பென்சில் பெட்டி."

"அதின்ரை மூடி உடைஞ்சது."

"உள்ளுக்குக் கிடக்கிற கலர் பென்சிலும் சேத்து."

"சிவப்பும்?"

"ஓமடி, சிவப்பும். சுத்து!"

அவள் பெடலைச் சுற்ற, பழைய கசற்றோடு ஜப்பான் செற். எங்கள் செற்றில் வெயிலில் காய்ந்த பற்றரிகளைப் போட்டுப் புதுக் கசற். இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து, அம்மாவின் பழைய சேலையை நாலாக மடித்து மேலே போர்த்தினேன். புதுசிலிருந்து கைதட்டலை ஓடவிட்டு, பழசில் அழிந்த இடத்தின்மேல் பதிந்தேன். இரண்டு தரம் பிழைத்தது. மூன்றாம் தரம், பற்றரி சாகிறதற்குக் கொஞ்சம் முந்தி, சரியாக ஐந்தாம் பாட்டுக்குப் போய் ஒட்டியது. கேட்டுப் பார்த்தேன். கவனித்துக் கேட்டால் இரண்டு சின்ன டொக். அவ்வளவுதான்.

பாட்டில் ஒரு சொல்லும் போகவில்லை. போனது வெறும் கைதட்டல். அதற்குப் பதிலாக அதே கைதட்டல், இன்னும் துலக்கமாக. கைதட்டல் எல்லாம் ஒன்றுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் அண்ணை சொன்னார்:

"நாளைக்கு அந்த விசில்காரன்ரை தாயும் வாறா அம்மா. கதிரை ஒண்டு துடைச்சு வையுங்கோ."

"எந்த விசில்காரன்?" என்று அம்மா கேட்க, அண்ணை சொன்ன கதையைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும்.

பழைய கசற் கடையில் வாங்கியது அல்ல. கரண்ட் இருந்த காலத்தில், கப்பலில் வேலை செய்த ஒருவர் கொண்டுவந்த இசைத்தட்டை ஓர்கன் அண்ணையும் அவருடைய வகுப்புப் பெடியன்கள் நாலு பேரும் ஒரு அறைக்குள் போட்டு, செற்றை முன்னால் வைத்துப் பதிந்தது. வயரால் பதியத் தெரியாது, அறையில் கேட்டதெல்லாம் அப்படியே உள்ளே போனது. முதல் மூன்று பாட்டுக்கும் மூச்சுக்கூட விடாமல் இருந்திருக்கிறார்கள். நாலாவது பாட்டு முடிந்ததும் பொறுக்க முடியவில்லை. தட்டில் இருந்த சனத்தோடு சேர்ந்து ஐந்து பேரும் கைதட்டிவிட்டார்கள். அதில் ஒருவர் இரண்டு விரலை வாய்க்குள் வைத்து விசில் அடித்தார்.

"அந்தக் கச்சேரிச் சனத்துக்குள்ளை நாங்களும் ஐஞ்சு பேர் இருக்கிறம் எண்டு ஓர்கன் அண்ணை சொல்லுவார்" என்றார் அண்ணை.

ஐந்து பேரில் இரண்டு பேர் ஜெர்மனியில். ஒருவர் கனடாவில். விசில் அடித்தவர் இரண்டு வருடத்துக்கு முதல் நீரேரி கடக்கவென்று வள்ளம் ஏறியவர். அக்கரையில் இறங்கியதாக ஒருவரும் சொல்லவில்லை. இறங்கவில்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய தாய் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தா. "படம் மூண்டு கிடக்கு தம்பி. சத்தந்தான் இல்லை" என்று ஓர்கன் அண்ணையிடம் சொன்னாவாம். அவர் அப்போதுதான் இந்தக் கைதட்டலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் தானும் ஊரைவிட்டு வெளிக்கிடப் போகிறார், அதற்கு முதல் ஒருக்கால் கேட்கவைக்கவேண்டும் என்று.

"என்னடா, சோத்தைப் பிசைஞ்சுகொண்டிருக்கிறாய்?" என்றார் அம்மா.

நான் வயிற்றுக்குள் சரியில்லை என்றேன். அந்தச் சாட்டு அப்போதே எனக்குப் பழக்கம்.

சொல்லியிருக்கலாம். அண்ணை இரண்டு அறை தந்திருப்பார், அதோடு முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. பின்னேரம் ஒருவரும் பார்க்காத நேரம் பலகையில் இருந்த ஒரு வயரை இழுத்துப் பிடுங்கிவிட்டேன். ஞாயிறு காலை அண்ணை அதைப் பார்த்து, "எலி கடிச்சுப்போட்டுது" என்று பல்லால் வயரைச் சீவி இரண்டு நிமிடத்தில் முறுக்கிவிட்டார்.

அந்தத் தாய் வந்தா. வெளிறிய நாவல் நிறச் சேலை. தலையை இழுத்துக் கட்டியிருந்தா. கதிரையில் இருக்கமாட்டன் என்று செற்றுக்கு முன்னால் நிலத்தில், என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தா. சவர்க்கார வாசம் வந்தது. அந்தக் காலத்தில் சவர்க்காரம் கிடைப்பது அருமை. எதற்கோ வைத்திருந்ததை எடுத்துக் குளித்துவிட்டு வந்திருக்கிறா என்று அம்மா பிறகு சொன்னார்.

"முதலிலை பாட்டு இருக்கு அம்மா. கொஞ்சம் சத்தமாய் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றார் ஓர்கன் அண்ணை.

"என்ரை பிள்ளை கேட்ட பாட்டுத்தானே. விடு தம்பி."

நான் சுற்றினேன். நாலாவது பாட்டு முழுவதையும் அவ குனிந்த தலையோடு கேட்டா. எனக்குக் கை ஓடவில்லை, பாடகர் இழுத்தார், ஒருவரும் என்னை ஏசவில்லை. பாட்டு முடிகிற நேரம் அண்ணையின் கை குமிழுக்குப் போனது. குறைக்கவில்லை, கூட்டினார். அன்றைக்குத்தான் முதல் தடவை.

கைதட்டல் எழும்பியது. சின்ன டொக். பிறகு ஆயிரக்கணக்கான ஆட்கள், கண்ணாடி மாதிரித் துலக்கமாக. எங்கேயோ ஒரு விசில். இன்னொன்று. மூன்று நாலு.

"இந்தா! இந்தா அம்மா, உதுதான்!" ஓர்கன் அண்ணை முழங்காலில் எழும்பிவிட்டார்.

அவ திரும்பப் போடச் சொன்னா. திரும்பப் போட்டார்கள். மூன்றாம் தரமும். வேலிக்கு அந்தப் பக்கம் சனம் கூடிக் கதைக்கிற சத்தம் கேட்டது, தங்கச்சி ஓடிப்போய், "பாட்டு, பாட்டு, ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"இது அவனில்லை" என்றா அவ.

"அம்மா, நான் பக்கத்திலை இருந்தனான். அவன்தான்."

"அவன் ஒழுங்கை முகப்பிலை சைக்கிளைத் திருப்பேக்கை அடிக்கிறவன். ஒவ்வொரு நாளும் கேட்டனான். இது அவனில்லை."

ஓர்கன் அண்ணை நெற்றியைத் துடைத்தார். "புதுசிலை அந்த இடத்தைப் போட்டுக் காட்டுங்கோ. அதிலை அவன் இல்லை. வித்தியாசம் விளங்கும்." புதுசைப் போட்டார்கள். வங்கி அண்ணை காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "எனக்கெண்டால் இரண்டும் ஒண்டுபோலத்தான் கிடக்கு" என்றார்.

"உமக்குக் காது செவிடு! பழசிலை உயிர் இருக்கு, விளங்கேல்லையே?" ஓர்கன் அண்ணை கத்திவிட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அவருக்குக் கேட்டதா, கேட்கவேண்டும் என்று கேட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவ மெதுவாக எழும்பி, சேலையைத் தட்டி, "தேத்தண்ணிக்கு உபகாரம் பிள்ளை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டா. தேத்தண்ணீர் தொடாமல் ஆறியிருந்தது.

படலை சாத்துகிற சத்தம் கேட்டதும் பெரியவர்கள் கதைத்தார்கள். "பாவம், மனம் ஏற்குதில்லை" என்றார் வங்கி அண்ணை. "இனி அவவுக்கு ஒண்டும் காட்டக்கூடாது" என்றார் அண்ணை. "பெத்த வயிறு. எதையும் நம்பாது" என்றார் அம்மா. அந்த விறாந்தையில் சரியாகக் கேட்ட ஒரே ஆளைப் பற்றி எல்லோரும் சேர்ந்து அப்படி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். நான் பெடலைப் பிடித்தபடி இருந்தேன்.

உங்களுக்கு என் அபிப்பிராயம் வேண்டும் என்றால் இதுதான். புதுப் பதிப்பு கூடாது என்று நான் சொல்லமாட்டேன். துலக்கினால் நல்லதுதான். ஆனால் ஒருவன் தேய்ந்த பழசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால், அவனுடைய காதைப் பழிக்கமுதல், அதற்குள் என்ன வைத்திருக்கிறாய் என்று ஒருக்கால் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை அவ எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் அள்ள வந்தா. நான் வாழைக்குப் பின்னால் நின்றேன்.

"பிள்ளை, எனக்கு இரண்டு நாளாய் நித்திரை இல்லை" என்று அம்மாவிடம் சொன்னா. "அந்தத் தம்பி பொய் சொல்லுற பிள்ளை இல்லை. அப்ப அது அவன்தான். எனக்குத்தான் பிடிபடேல்லை. பெத்தவளுக்குப் பிள்ளையின்ரை சத்தம் மறந்துபோகுமே? எனக்கு மறந்துபோச்சு, என்ன?"

அம்மா ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்: "வயசு போனால் எல்லாம் மறக்கும்தானே அக்கா. யோசியாதையுங்கோ."

அவ வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தா. பிறகு நிரப்பாமலே கொண்டுபோனா.

நான் பின்னாலேயே போனேன். சட்டை போடவில்லை, செருப்பு இல்லை. ஒழுங்கை மணல் காலைச் சுட்டது. அவ குசினி வாசலில் இருந்து சுளகில் முருங்கையிலை ஆயத் தொடங்கியிருந்தா.

"என்ன தம்பி, அம்மா அனுப்பிவிட்டவவோ?"

நான் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புக் கட்டை, அரை நிமிடம், சேலைப் போர்வை, எல்லாம். ஒழுங்காகச் சொல்லவில்லை, அழுதழுது சொன்னேன். "நீங்கள் சொன்னதுதான் சரி மாமி. அதிலை அவர் இல்லை. நான் அழிச்சுப்போட்டன்."

அவவின் கை இலைக்குள் நின்றுவிட்டது. அடிக்கப் போகிறா என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவ தன்பாட்டில் மெல்ல, "அப்ப அது அவனில்லை" என்றா.

"இல்லை மாமி."

"அவனில்லை." நீளமாக ஒரு மூச்சு விட்டா.

"நான் இப்பவே போய் ஓர்கன் அண்ணைக்கும் சொல்லுறன்."

"வேண்டாம். அவன் தூரம் போற பிள்ளை. அவனுக்குக் கேட்டதெண்டால் கேட்டதாய் இருக்கட்டும்."

நான் இதுவரை அவருக்குச் சொல்லவில்லை. அந்தக் கசற்றோடுதான் அவர் போனார்.

பிறகு அவ என்னைப் பார்த்துக் கேட்டா: "அழிய முதல் நீ எத்தினை தரம் கேட்டனி?"

"கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்."

"அப்ப உனக்குத் தெரியும். அடிச்சுக் காட்டு."

எனக்கு வெட்கம். இரண்டு விரலை வாய்க்குள் வைத்து ஊதினேன். காற்றுத்தான் வந்தது.

"நாக்கை உள்ளுக்கு மடி" என்றா.

மடித்து ஊதினேன். சத்தம் வந்தது.

"அப்பிடி நேரை போகாது. கீழையிருந்து எடு."

கீழே இருந்து எடுத்தேன். நினைவில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வளைத்தேன். பக்கத்து வளவில் ஒரு கிழவர், "ஆரடா உவன், வீட்டு வாசலிலை விசில் அடிக்கிறது?" என்று அதட்டினார். "பேசாதையுங்கோ அண்ணை, நான்தான் சொன்னனான்" என்று அவ திரும்பிப் பார்க்காமலே சொன்னா.

"கடைசியிலை?" என்று என்னைக் கேட்டா.

"கடைசியிலை முறியும் மாமி."

"ஓம். முறியும். எனக்குத் தெரியும். முறி, பாப்பம்."

மூச்சு முழுவதையும் இழுத்துக்கொண்டு அடித்தேன். கீழே தொடங்கி, வளைந்து எழும்பி, உச்சியில் போய் முறிந்தது.

அவ சுளகைப் பக்கத்தில் வைத்தா. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டா, உள்ளே போனதை வெளியே விடாமல் பிடிக்கிற மாதிரி.

"எனக்கு மறக்கேல்லை" என்றா.